உமையாளுக்குள் கேட்ட குரல்

மறுநாள் உமையாள் தன் முதல் வழக்கில் வாதாட வேண்டும். வாயைத் திறந்தாலே மனசுக்குள் ஒரு குரல் ஏசி அடக்கிவிடுகிறது. மனக்குரலை மாற்றும் நிலையத்துக்கு அவளுடன் வந்த தகப்பனார் வயிரவன் விறைப்பாக உட்கார்ந்திருந்தார். அவர் மகளை ஏச எவனுக்குத் துணிச்சல்?

மருத்துவர் கருவியைத் தட்டியதும் அந்தக் குரல் அறையில் ஒலித்தது. "உனக்கெல்லாம் எதுக்கு இந்த வேலை? குடும்ப மானத்தைக் கப்பலேத்திடாதே!"

அது வயிரவனின் குரல்.

"அழிச்சிடலாமா?" என்றார் மருத்துவர்.

வயிரவனின் முகம் கறுத்தது. முதுகு மட்டும் வளையவில்லை. "எங்க வீட்டுக் குரலை வேற யாரும் தொட வேண்டாம். நானே மாத்திப் பேசுறேன்" என்று மைக்கை இழுத்தார். "உமையா! நம்ம வீட்டுப் பொண்ணு யாருக்கும் சளைச்சவ இல்லை. எழுந்து பேசு!"

உமையாள் காதைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். "மெதுவா, அப்பச்சி! நீங்க இருக்கிறது என் மண்டைக்குள்ள."