மேனேஜரிடம் சாகாத செடி

முட்டைக்கோஸுக்குப் பிறந்த பிள்ளைகளா இதெல்லாம் என்று கேட்டுவிட்டுத் தானே சிரித்துக்கொண்டார் மேனேஜர்.

ஓய்வு பெற்று வீட்டோடு வந்த பிறகும் தெருவில் அவர் மேனேஜர்தான். அதிகாரம் பண்ண இப்போது மனைவி ஒருத்திதான் மிச்சம்.

அவள் தோட்டத்து மண்ணில் மணலும் பொடிக்கல்லும் கலந்துகொண்டிருந்தாள். தடித்த இலைகளை ரோஜாப்பூ மாதிரி வட்டமாக அடுக்கிய செடிகள் பக்கத்தில் ஒரு தட்டு நிறைய இருந்தன.

தோட்டத்தை அவரை நம்பி விட்டுவிட்டுப் போக அவளால் முடிந்ததே இல்லை.

அக்காவுக்குக் கால் முறிந்தபோது ஒரு வாரம் போனாள். திரும்பி வந்தால் ரோஜா விறகாகியிருந்தது. வெயில் அதிகம் என்றார். தண்ணீர்க் குழாய் அவருடைய நாற்காலிக்குப் பக்கத்திலேயே இருந்தது.

அடுத்த முறை செம்பருத்தி. அதற்கடுத்து மணி பிளான்ட். பாட்டில் தண்ணீரில் கிடக்கும் மணி பிளான்ட்டைக் காயவிடவும் ஒரு சாமர்த்தியம் வேண்டும். அந்த மகானுக்கு அது இருந்தது.

போதுமடா சாமி என்று கள்ளிச்செடியை வைத்துவிட்டுப் போனாள். அப்போது பார்த்து மனிதருக்குப் பொறுப்பு வந்துவிட்டது. காலையும் மாலையும் வாளி வாளியாக ஊற்றி அதை அழுகவிட்டார்.

அவரிடம் சிக்கியதைத் தவிர அந்தச் செடிகள் என்ன பாவம் செய்தன? அந்த வயிற்றெரிச்சலில்தான் ஒவ்வொரு முறையும் சீக்கிரமே திரும்பி வந்தாள். அவர் அதைத் தன் மேலுள்ள பாசம் என்று எடுத்துக்கொண்டார்.

இந்தச் செடி வேறு ரகம். மறந்தாலும் வாடாது. மறக்காமல் ஊற்றித் தொலைத்தாலும் தண்ணீர் கல்லுக்கு நடுவே வடிந்துவிடும்.

போன மாதம் சோதித்தும் பார்த்துவிட்டாள். ஒன்றே ஒன்றை நட்டு, அவர் பொறுப்பில் விட்டு, அக்கா வீட்டுக்குப் போய் வந்தாள். செடி கொழுகொழுவென்று இருந்தது. பக்கத்தில் குட்டிகள் வேறு முளைத்திருந்தன.

அங்கே ஒரு செடி இருந்ததே மேனேஜருக்குத் தெரியவில்லை.

கடைசிச் செடியையும் ஊன்றி, மண்ணைத் தட்டிவிட்டு எழுந்தாள். கையைக் கழுவும்போது வாசலில் வண்டி வந்து நின்றது.

அக்கா வீட்டுக்குத்தானே, எப்போது திரும்புவாய் என்று பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே கேட்டார்.

"இலை சுருங்கினா மட்டும் கொஞ்சம் தண்ணி ஊத்துங்க" என்றாள்.

சரி சரி என்று தலையாட்டினார். கேட்டதற்கு இதுவா பதில் என்று அவருக்குத் தோன்றவில்லை.

பெட்டி முதலில் ஏறியது. பிறகு வண்டிக்காரர் ஒரு பக்கமும் அவள் ஒரு பக்கமுமாக, உள்ளறையிலிருந்து அவளுடைய தையல் மெஷினைத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

மேனேஜர் இப்போதுதான் பேப்பரை இறக்கினார்.

"பாத்துப்பா, செவுத்துல இடிச்சிடாத. இப்பதான் பெயின்ட் அடிச்சிருக்கு."