ஒரு தம்ளர் கூலன்ட்

டைட்டானியத்தைத் துளைக்கும்போது சூடு தணிக்கிற கூலன்டாக வந்திருந்த புதிய தாவர எண்ணெயில் விரலை முக்கி, ஆலையைப் பார்க்க வந்தவர்கள் முன்னால் நக்கிக் காட்டினார் மேலாளர் சடகோபன்.

“பச்சப்புள்ளகூட நக்கலாம்!”

எல்லோரும் கைதட்டினார்கள். ஆபரேட்டர் குணசீலன் தட்டவில்லை. பழைய கூலன்ட் பதினோரு வருஷமாய்த் தோலுரித்த கைகள் அவனுடையவை. காட்டப் போனபோதெல்லாம், “சோப்புப் போட்டுக் கழுவுய்யா, ஒண்ணும் ஆகாது” என்று விரட்டியவர் இதே சடகோபன்தான்.

பக்கத்து இயந்திரத்தில் இன்னும் பழையதுதான் ஓடியது. பால்போல் வெளுத்திருந்த அதை ஒரு தம்ளரில் பிடித்துவந்து மேலாளர் அருகே வைத்தான்.

“பாலா? தேங்க்ஸ்ங்க” என்று வந்தவர்களில் ஒருவர் எடுத்து உதட்டருகே கொண்டுபோனார். சடகோபனின் முகம் வெளிறியது. குணசீலன் அந்த முகத்தை மட்டுமே பார்த்தான்.

“ஒண்ணும் ஆகாதுல்ல, சார்?”