பாட்டுப் பேருந்து

"மூணாவது வரி மறுபடி தப்பு! முதல்லேருந்து பாடுங்க!" என்றான் வழிகாட்டி பாவோரா, ஸ்டீயரிங்கைத் திருப்பிக்கொண்டே.

பஸ் முழுக்கச் சுற்றுலாப் பயணிகளின் பெருமூச்சு. காலையில் கைட்டுனா ஆற்றின் அருவியிலிருந்து ரப்பர் படகோடு விழுந்தாயிற்று. மதியம் மரத்துக்கு மரம் கம்பியில் தொங்கிப் பறந்தாயிற்று. கால்சட்டைகூட இன்னும் காயவில்லை. அதற்குள் அந்த நாட்டுப் பூர்வகுடிகளின் மாவோரிப் பாட்டு!

"ஏம்ப்பா, படகு கவிழ்ந்தப்பக்கூட நீ இப்படிக் கத்தலையே!" என்றாள் மோய்ரா. ஸ்காட்லாந்துக்காரி, அறுபது வயது. ஆற்றில் முங்கியவளை ஒரே கையால் அள்ளிப் படகில் போட்டவன் அவன்தான். அது முதல் அவன் சொன்னால் அவளுக்கு வேதம்.

"ஆத்துல விழுந்தா நான் தூக்கிவிடுவேன் ஆன்ட்டி. அங்க பாட்டு கவிழ்ந்தா என்னை யாரு தூக்கிவிடுவா?"

"அப்படி என்னதான் இருக்கு அங்க? போன வாரம் வந்தவங்களை வேற இடத்துக்குக் கூட்டிட்டுப் போனியாமே?" என்றான் ஜெர்மன்காரன் யோனாஸ்.

"அது டிக்கெட் வாங்கிப் பாக்குற ஆட்டம். இது நிஜமான மராயே. ஊர் கூடுற இடம். நம்ம எல்லார் சார்பாவும் நான் எழுந்து பேசுவேன். முடிச்சதும் என் பின்னாடி நிக்கிறவங்க பாடணும். பாடலைன்னா நான் பேசினதுக்கு மதிப்பே இல்ல."

"பேச்சு நல்லா இருந்தாலுமா?"

"இருந்தாலும்தான்."

அருவி விளிம்பில் சிரித்துக்கொண்டு நின்றவன் இப்போது நெற்றியைத் துடைத்துக்கொண்டான். மோய்ரா அதைப் பார்த்தாள்.

"எல்லாரும் வாயைத் திறங்க! முதல்லேருந்து!" என்றாள் அவளே.

மராயே வாசலில் ஒரு பெண்ணின் குரல் நீளமாக எழுந்து அழைத்தது. பெண்கள் முன்னே, ஆண்கள் பின்னே மெல்ல நடந்தார்கள். செதுக்கிய கோலை ஊன்றியபடி அந்த ஊர்ப் பெரியவர் வரவேற்புரை முழங்கினார். பிறகு பாவோரா எழுந்தான். ஆற்றின் இரைச்சலையே அடக்கிய குரல் முதல் சொல்லில் நடுங்கி, மூன்றாவதில் நிமிர்ந்தது. ஒரு சொல்லும் புரியவில்லை. ஆனால் மோய்ராவுக்கு மயிர்க்கூச்செறிந்தது.

அவன் பேசி முடித்தான்.

மோய்ரா தொடங்கினாள். நாற்பது தொண்டைகளும் சேர்ந்துகொண்டன. யோனாஸின் சுருதி எங்கேயோ போனது. ஆனால் நெஞ்சு வெடிக்கப் பாடினான். மூன்றாவது வரி பிசகாமல் தாண்டியது. பாவோராவின் தோள்கள் தளர்ந்து இறங்கின.

எதிர்வரிசைக்காரர்கள் ஒவ்வொருவராக வந்து, வரவேற்பாக மூக்கோடு மூக்கு ஒற்றினார்கள். மோய்ராவின் முறை வந்தபோது பெரியவர் அவள் கையை விடவே இல்லை.

"நல்லாப் பாடினீங்கம்மா. என் பேத்தி ஹூயாதான் பயந்துட்டே இருந்தா," என்றார் ஆங்கிலத்தில். அவர் பின்னாலிருந்த பச்சைப் பாவாடைக்காரி சட்டென்று தலையைக் குனிந்துகொண்டாள்.

"பயமா? எதுக்கு?"

"பாவோரா சொந்தம்னு யாரும் இல்லாம வளர்ந்த பையன். 'பொண்ணு கேட்டுத் தனியா வந்து நிக்காதே, உன் ஆளுங்களோட வா'ன்னு அனுப்பிட்டேன்," என்ற பெரியவர், கண்ணைத் துடைத்துக்கொண்டு பஸ் கூட்டம் முழுவதையும் பார்த்துக் கை நீட்டினார். "மாப்பிள்ளை வீட்டுக்காரங்க எல்லாரும் உள்ள வாங்க, சாப்பிட்டுட்டுக் கல்யாணத் தேதி பேசலாம்!"