ஊசிமுனையில் இரண்டு சிவப்புக் கோடுகள்

முப்பது வருடமாக என் மனைவி வனையும் கோப்பைகளை நான்தான் படம் எடுக்கிறேன். இன்று ஸ்டுடியோவில் என் சகலை, கோப்பையை எல்லாப் பக்கமும் படமெடுக்க மோட்டாரில் சுழலும் தட்டின் நடுவில் ஊசியை நிறுத்தி, இரண்டு சிவப்பு லேசர் கோடுகளை அதன் முனையில் சேர்க்கிறான். தட்டு சுற்றும்போதும் ஊசி அவற்றைவிட்டு விலகாவிட்டால் இனி கோப்பைகள் அவன் கேமராவுக்குத்தான். விளக்கை அணைத்திருக்கிறார்கள், என் வயிற்றெரிச்சல் வெளிச்சத்தில் சுவர்க் கடிகாரத்தில் மணி பார்க்கலாம். தட்டு உறுமிக்கொண்டு சுற்றுகிறது. என் மனைவி கன்னத்தில் கைவைத்துப் பார்க்கிறாள்; எங்கள் கல்யாண ஆல்பத்தைக்கூட அப்படிப் பார்த்ததில்லை. அரைச் சுற்றில் ஊசி மயிரிழை விலகுகிறது. "சரியாத்தானே வெச்சேன், அக்கா?" என்கிறான். "உனக்கு இதெல்லாம் ஒத்துவராது, தம்பி" என்கிறேன் அன்பாக. "என்னங்க, மேஜையை அமுக்காதீங்க. முழங்கையை எடுங்க." எடுக்கிறேன். ஊசி கோடுகளுக்குள் போய் நிற்கிறது. அவள் கோப்பையை, பிடியை அவன் பக்கம் திருப்பி, நீட்டுகிறாள்.