ஜெரேனியத்தை உள்ளே வைத்தது யார்?

"செத்துப்போன அப்பா வந்து செடியை உள்ள வெக்கிறாருன்னு யார்கிட்டயும் சொல்லாதம்மா. கிளம்பு, என்னோட சென்னைக்கு வந்துடு" என்றாள் சகாயசெல்வி.

"நான் போய்ட்டா அவரு யாருமில்லாத வீட்டுக்கு வந்து நிப்பாருடி" என்றாள் சவரியம்மாள்.

உப்பளத்தில் வேலை பார்த்த அவள் கணவர் சின்னப்பன், ஊட்டியில் வாங்கிய அந்த ஜெரேனியம் பூச்செடியை ஏழு வருடம் பிள்ளை மாதிரி வளர்த்தார். மழையில் வேர் அழுகிவிடும் என்று ஐப்பசி பிறந்ததும் தொட்டியை உள்ளே வைப்பார். வெயில் அடித்தால் வெளியே எடுப்பார். தை மாதம் கிளைகளைக் கழித்துவிடுவார்.

இந்த வருடம் அவர் இல்லை. ஆனாலும் சவரியம்மாள் செடியை வெயிலில் வைத்துவிட்டு வயல் வேலைக்குப் போன நாள்களில், மழை வந்தால் தொட்டி வீட்டுக்குள் இருந்தது.

வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த பக்கத்து வீட்டு சங்கீதா தலைகுனிந்தாள். "நான்தான்க்கா உள்ள வெச்சேன். அண்ணன் வளர்த்த செடி, வீணாயிடுமேன்னு..."

சவரியம்மாள் சென்னைக்குக் கிளம்பச் சேலைகளை மடித்து வைத்தாள். பிறகு துணிப் பையை எடுத்துக்கொண்டாள்.

"அப்ப தரையில உப்புப் பூத்த கால் தடமும் உன்னுதுதானா? தொடைக்க மனசு வராம பாயைப் போட்டு மூடி வெச்சிருக்கேன்."

சங்கீதா விழித்தாள். "நான் உள்ளயே வரலியேக்கா. வீடு பூட்டியிருந்துச்சு, கம்பியில்லாத அந்தச் சின்ன ஜன்னல் வழியா கையை விட்டு உள்திண்டுலதான் வெச்சேன். அதுவுமில்லாம உப்புக்கு எங்க போவேன்? உப்பளம் ரெண்டு மாசமா மழைத்தண்ணிக்குள்ள கிடக்குது."

சவரியம்மாள் ஜன்னலடியில் கிடந்த பாயைத் தூக்கினாள். வெள்ளையாகக் காய்ந்த இரண்டு அகலமான பாதங்கள் செடியைப் பார்த்து நின்றன.

சகாயசெல்வி அம்மாவின் கையிலிருந்த பையை வாங்கிக் கீழே வைத்தாள்.