நீளக்கையன விட்டுட்டாங்க

மேட்டு மரத்துக் குரங்குங்களுக்கும் பள்ளத்து மரத்துக் குரங்குங்களுக்கும் தெனம் சாயங்காலம் போட்டி. கெளையில இருந்து மாம்பழத்த வீசி, எட்டத்துப் பனைமரப் பொந்துக்குள்ள போடணும். கீழ நின்னு கத்துறது ஆடுங்க பொழப்பு.

மேட்டு மரத்து ஆடு செவலைக்கு மூணு நாளா மனசே ஆறல. குறி தப்பாத குரங்கு நீளக்கையன் எந்தக் கூட்டத்துலயும் சேராம சும்மாதான் சுத்திக்கிட்டிருந்தான். அவனப் போயி மேட்டு மரத்துக் குரங்குங்க பள்ளத்து மரத்துக்கு விட்டுட்டாங்க.

அந்தப் பக்கத்துக் கருப்பாடு வந்ததும் செவலை ஓடிப்போயி கேட்டுச்சு. “அப்படி என்னத்தக் குடுத்துடா அவன மடக்குனீங்க?”

“தெனம் ரெண்டு வேளை பேன் பாக்குறோம்னோம். உங்காளுங்க ஒரு வேளைக்கு மேல முடியாதுன்னாங்களாம்.”

“கஞ்சப் பயலுவ. சரி, எப்படி எறியுறான்?”

“ஒண்ணு தப்பல. அத்தனையும் பொந்துக்குள்ள. கீழ ஒரு தோலு விழல. பாரு, எனக்கு வெலா எலும்பு தெரியுது.”

அப்ப மேட்டு மரத்து மொட்டவாலன் வீசுனான். பழம் பனைமரத்துப் பக்கமே போகல, செவலை காலடியில வந்து விழுந்துச்சு. இன்னிக்கு இது பதினோராவது.

கருப்பாடு எச்சி முழுங்குச்சு. “எனக்கும் கொஞ்சம் தாயேன்.”

செவலை பழத்தக் கவ்விக்கிட்டு, தாடியில சாறு ஒழுக ஒழுகச் சொல்லுச்சு. “என்ன இருந்தாலும் அவன விட்டிருக்கக் கூடாதுடா.”