வடியாத தண்ணீர்

கரையேறியதும் படகை ஏற்றி இழுக்கும் டிரெய்லரை நல்ல தண்ணீரில் கழுவி, முன்பக்கத்தைத் தூக்கி வைப்பான் சிலுவைதாசன். அதன் இரும்புக் குழாய்க்குள் புகுந்த உப்புத்தண்ணீர் பின்முனைத் துளை வழியே வடிந்துவிடும். தங்கை புருஷன் ரெமிஜியஸ் பெயின்ட் அடித்துக் கொடுத்த பிறகு சொட்டுகூட வடியவில்லை. "உள்ளே போனாத்தானே மச்சான் வடியும்? பெயின்ட் அப்படி" என்றான் அவன். சிலுவைதாசனும் நம்பினான்.

இன்று, பளபளவென்றிருந்த அந்தக் குழாய் முறிந்து, படகு பாறையில் விழுந்து பிளந்தது. உள்ளேயே தேங்கிக் கிடந்த உப்புத்தண்ணீர் துருக்குழம்பாய்க் கொட்டியது. துளையைச் சுரண்டிப் பார்த்தால் பெயின்டுக்கு அடியில், ஓட்டையை அடைக்கும் எம்சீல் பசை. அதில் ஒரு கட்டைவிரல் பதிவு, குறுக்கே தழும்போடு. சிறுவயதில் தூண்டில் முள் கிழித்த ரெமிஜியஸின் அந்த விரலுக்குத் தன் சட்டையைக் கிழித்துக் கட்டிவிட்டவன் சிலுவைதாசன்.

"போகட்டும் மச்சான், படகைச் சரிபண்ணிட்டு இனி என் டிரெய்லர்லயே ஏத்திக்கலாம், வாடகை குறைச்சே போட்டுக்கறேன்" என்று ரெமிஜியஸ் தோளில் கைபோட்டான். சிலுவைதாசன் அந்தக் கையைப் பிடித்து, கட்டைவிரலை மெல்ல அந்தப் பதிவின்மேல் வைத்தான்.